வேர் எந்த அடுக்கில் இருக்கிறது? குழி வெட்டிக் கணக்கெடுக்கும் முறை

ஆட்டையாம்பட்டி வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டுக்குத் தண்ணீர் விடுவோரிடம் “எவ்வளவு ஆழத்துக்கு நனைய வேண்டும்?” என்று கேட்டால், பெரும்பாலும் “கிழங்கு ஒரு அடிதானே போகுது, அந்த மட்டும் நனைஞ்சா போதும்” என்று பதில் வரும். கிழங்கு இருக்கும் ஆழம் வேறு, தண்ணீர் குடிக்கும் வேர் இருக்கும் ஆழம் வேறு. மாவு சேர்த்து வைக்கும் கிழங்கு மேல் ஒரு அடிக்குள் படுத்திருக்கும். சல்லி வேர்கள் அதற்குக் கீழும் இறங்கும். மரவள்ளியின் மெல்லிய வேர்கள் 2 மீட்டருக்குக் கீழேயும் போவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது ஆழமான, தடையில்லாத மண்ணில். உங்கள் காட்டில் ஒன்றரை அடியில் சுக்காம்பாறை வந்துவிட்டால் அந்த 2 மீட்டர் கணக்கு உங்களுக்கு உதவாது.

உங்கள் மண்ணில், உங்கள் பயிரின் வேர் மேலிருந்து கீழே எந்த அடுக்கில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை வீட்டுச் சாமான்களை வைத்தே கணக்கெடுக்க இந்த அத்தியாயம் வழி சொல்கிறது. இரண்டு ஆள், அரை நாள், ஒரு மம்முட்டி போதும். மொத்தம் எத்தனை கிலோ வேர் என்பது நமக்குத் தேவையில்லை. மேல் அடுக்கில் பாதியா, முக்காலா, அடியில் ஏதாவது உண்டா என்று பங்கு தெரிந்தால் தண்ணீரையும் உரத்தையும் எங்கே வைப்பது என்று முடிவெடுத்துவிடலாம்.

முறை புதிதல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜான் வீவர் என்ற தாவரவியலாளர் 1920களிலேயே வயலில் பள்ளம் வெட்டி, சுவரில் தெரியும் வேர்களை அளந்து வரைந்து வைத்தார். இன்றும் வேர் ஆராய்ச்சிக்குக் குழி வெட்டத்தான் செய்கிறார்கள்.

எந்தச் செடி, எந்த இடம், எந்த நாள்

முடிவு சரியாக வருவதும் தப்பாக வருவதும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடும். தப்பான இடத்தில் வெட்டிவிட்டுப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாலும் பயனில்லை.

செடி: காட்டிலேயே செழித்த செடியும் வேண்டாம், நோஞ்சான் செடியும் வேண்டாம். நாலு பக்கமும் அண்டைச் செடி உள்ள, நடுத்தரமான செடியாகப் பாருங்கள். ஒரே காட்டில் பாதி முள்ளுவாடி ரகமும் பாதி வெள்ளைத் தாய்லாந்து ரகமும் நட்டிருந்தால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

இடம்: வரப்பு, வாய்க்கால், கிணற்று மேடு, எருக்குழி இருந்த இடம், மாடு கட்டிய இடம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி இருக்க வேண்டும். வேலியில் வேப்ப மரமோ வேலிக்காத்தானோ இருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். அந்த வேர்கள் எங்கிருந்தோ வந்து உங்கள் குழியில் தலைகாட்டும்.

எத்தனை குழி: ஒரு காட்டுக்கு மூன்று. ஒரு குழி என்பது ஒரு செடியின் கதை மட்டுமே. மண் நிறம் மாறினால் (ஒரு மூலை செம்மண், மறு மூலை கரிசல் கலந்தது) ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனியாக மூன்று. அவ்வளவு முடியாது என்றால் எந்த மண்ணில் விளைச்சல் தகராறோ அங்கே மூன்று வெட்டுங்கள்.

காலம்: சோளம், மக்காச்சோளம் போன்ற தானியங்களுக்குப் பூக்கும் தருணம் சரி. வேர் அப்போதுதான் முழு அளவை எட்டியிருக்கும். தை, மாசியில் நட்ட மரவள்ளிக்கு ஆனி, ஆடி வாக்கில் பார்க்கலாம். இலை மூடிச் செடி தெம்பாக இருக்கும் 5, 6 மாதப் பருவம் அது.

ஈரம்: செம்மண்ணில் தண்ணீர் விட்டு அல்லது மழை பெய்து 2, 3 நாள் கழித்து வெட்டுங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலில் ஒட்டினால் இன்னும் பொறுங்கள். காய்ந்து கட்டியானால் கடப்பாரை போடும்போது வேர் மண்ணோடு பிய்ந்து வந்துவிடும்.

சாமான்

மம்முட்டி, கடப்பாரை, களைக்கொத்து, மண் அள்ளப் பாண்டுச் சட்டி. சுவரைச் சீவ மொட்டையான பழைய அரிவாள் அல்லது கொத்தனார் கரண்டி. தடித்த வேர் வெட்டச் சிக்காட்டர் (கவாத்துக் கத்தரி). மண்ணை நெருடி வேரை வெளியே கொண்டுவர ஒரு ஸ்குரூ டிரைவரும் பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷும். தண்ணீர் பீய்ச்சக் கைத்தெளிப்பான் (பூச்சிமருந்து அடித்த டேங்கு வேண்டாம், புதிதாக ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்). அளவு டேப், நோட்டு, பென்சில். பேனா ஈரத்தில் எழுதாது.

கட்டச் சட்டம் ஒன்று செய்ய வேண்டும். ரீப்பர் கட்டையில் உள்ளளவு 90 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் வருமாறு சட்டம் அடியுங்கள். நாலு பக்கமும் 15 செ.மீ.க்கு ஒரு ஆணி. ஆணிக்கு ஆணி நைலான் நூலை இழுத்துக் கட்டினால் அகலத்தில் 6, உயரத்தில் 4 என்று 24 கட்டம் கிடைக்கும். நூல் வெள்ளையாக இருந்தால் வேரோடு குழம்பும், சிவப்போ நீலமோ வாங்குங்கள். 90 செ.மீ. என்று சொன்னது 3 அடிக்கு 3 அடி நட்ட மரவள்ளிக்காக. உங்கள் இடைவெளி வேறு என்றால் சட்டத்தின் அகலமும் அதுவாகவே இருக்கட்டும்.

குழிக்குள் இறங்கும் முன்

ஒரு கன அடி மண் ஏறக்குறைய 45 கிலோ. நாம் வெட்டப்போகும் 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழக் குழியிலிருந்து ஒரு டன்னுக்கு மேல் மண் வரும். சுவர் சரிந்தால் இவ்வளவு கனமான மண்தான் மேலே விழும் என்பதை நினைவில் வையுங்கள்.

1. ஆழம் இடுப்புக்கு மேல் போகக் கூடாது. அதாவது 3 அடிக்குள். அதற்குக் கீழே பார்க்க வேண்டுமானால் மண் துளைப்பான் கொண்டு துளை போடுங்கள், ஆள் இறங்காதீர்கள். கரைப் பக்கத்து மணல் மண்ணிலும், மழை பெய்து ஊறிய மண்ணிலும் 2 அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 2 அடி தள்ளிக் கொட்டுங்கள். விளிம்பிலேயே குவித்தால் அந்தப் பாரமே சுவரைத் தள்ளும்.

3. தனியாக வேலை செய்யாதீர்கள். ஒருவர் எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

4. மோட்டார் ரூமிலிருந்து போர்வெல்லுக்குப் போகும் கேபிள், சொட்டுநீர்க் குழாய், காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று முன்கூட்டியே விசாரியுங்கள். எண்ணெய், எரிவாயுக் குழாயின் அடையாளத் தூண் உள்ள நிலத்தில் கடப்பாரை போடவே வேண்டாம்.

5. மருந்து அடித்த காட்டில், டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும் முன் இறங்காதீர்கள்.

6. பூட்ஸ், கையுறை கட்டாயம். திருமணிமுத்தாற்றுத் தண்ணீர் பாய்ந்த நிலமானால் இது இரட்டிப்புக் கட்டாயம். சேலத்துச் சாக்கடையும் சாயக் கழிவும் அந்த ஆற்றில் கலக்கின்றன. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று குழியில் இறங்காதீர்கள். தடுப்பூசி போட்டு நாளானவர்கள் டி.டி. ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

7. திறந்து கிடந்த குழிக்குள் மறுபடி இறங்கும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். விரியன் பாம்பு நிழல் தேடி வந்து படுத்திருக்கும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, கடிபட்டவரை நடக்க விடாமல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

8. வெட்டிய மரவள்ளித் தழையும் பச்சைக் கிழங்குத் தோலும் ஆடு மாட்டுக்கு எட்டக் கூடாது. அவற்றில் உருவாகும் சயனைடு கால்நடையைச் சாய்த்துவிடும். வேலை முடிந்ததும் முதலில் இதை அள்ளுங்கள்.

குழிச்சுவர் முறை

காலை 6 மணிக்கே தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறினால் சுவர் காயும், சிறு வேர் சுருங்கி மண்ணோடு மண்ணாகிவிடும்.

1. தேர்ந்தெடுத்த செடியின் தண்டை ஒரு அடி விட்டு வெட்டுங்கள். அடிக்கட்டை அப்படியே இருக்கட்டும், அதுதான் உங்கள் நடுப்புள்ளி.

2. வரிசைக்குக் குறுக்கே, அடிக்கட்டையிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு கோடு போடுங்கள். அடிக்கட்டைக்கு இந்தப் பக்கம் 45, அந்தப் பக்கம் 45 என்று 90 செ.மீ. இதுதான் நாம் எண்ணப்போகும் சுவர். இப்படி எடுத்தால் செடியடியும் வரிசை இடைவெளியும் சரி பாதியாகக் கணக்கில் வரும்.

3. கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே குழியைத் தொடங்குங்கள். கோட்டிலேயே கடப்பாரை போட்டால் எண்ண வேண்டிய சுவர் நொறுங்கிவிடும்.

4. மேல்மண்ணை ஒரு குவியல், அடிமண்ணை வேறு குவியல். மூடும்போது அடிமண் அடியிலும் மேல்மண் மேலேயும் போக வேண்டும். இதை மறந்தால் அந்த இடத்தில் பயிர் மஞ்சளாக நிற்கலாம்.

5. 2 அடி (60 செ.மீ.) ஆழம் வந்ததும், மிச்சமிருக்கும் ஒரு சாண் மண்ணை அரிவாளால் மேலிருந்து கீழாக, மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே கோட்டுக்கு வாருங்கள். குறுக்கே இருக்கும் தடித்த வேரையும் கிழங்கையும் சிக்காட்டரால் வெட்டுங்கள். இழுத்தால் பின்னால் உள்ள மண்ணும் சேர்ந்து பெயரும்.

6. சுவர் நேராக வந்ததும் ஸ்குரூ டிரைவரால் முகப்பை ஒரு செ.மீ. ஆழத்துக்கு நெருடி, பிரஷ்ஷால் தள்ளி, தெளிப்பானால் மெல்லத் தண்ணீர் பீய்ச்சுங்கள். மண் கரைந்து வடிய, வேர் நுனிகள் மீசை மயிர் போல நீட்டிக்கொண்டு நிற்கும். பீய்ச்சும் வேகம் கூடினால் மேல் மண் வழிந்து கீழ்க் கட்டங்களை மூடும். அதனால் மேலிருந்து கீழே, ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசை.

7. சட்டத்தைச் சுவரில் சாத்துங்கள். மேல் கட்டை தரை மட்டத்தில் இருக்க வேண்டும். பார் பிடித்து நட்ட காடானால் பாரின் உச்சியை மட்டமாக வையுங்கள். சால் பக்கத்தில் மேல் கட்டங்கள் வெறும் காற்றாக இருக்கும். அங்கே பூஜ்ஜியம் போடாமல் “காலி” என்று எழுதுங்கள். பூஜ்ஜியம் என்றால் மண் இருக்கிறது, வேர் இல்லை என்று பொருள்.

8. இடது மேல் மூலையிலிருந்து கட்டம் கட்டமாக எண்ணுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. முகப்பில் தலைகாட்டும் ஒவ்வொரு வேருக்கும் ஒன்று. ஒரே வேர் சுவரோடு படுத்து மூன்று கட்டம் ஓடினால், அது மண்ணிலிருந்து வெளியே வரும் கட்டத்தில் மட்டும் ஒரு தடவை.

9. 2 மி.மீ.க்குக் குறைவானவற்றைத் தனியாகவும் தடித்தவற்றைத் தனியாகவும் எழுதுங்கள். தண்ணீர், சத்து உறிஞ்சும் வேலை பெரும்பாலும் மெல்லியவற்றுடையது. கீழே வரும் கணக்கெல்லாம் மெல்லிய வேருக்குத்தான். கிழங்கை எண்ணவே கூடாது.

10. மண்ணில் கண்டதையும் குறியுங்கள்: எத்தனை செ.மீ.யில் நிறம் மாறுகிறது, எங்கே சரளை, எங்கே வெள்ளைச் சுக்கான் கல், எங்கே கத்தி இறங்க மறுக்கிறது. ஒரு பழைய கத்தியை ஒவ்வொரு அடுக்கிலும் ஒரே பலத்தோடு குத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், டேப்பைச் சுவரில் தொங்கவிட்டு.

11. அன்றே மூடுங்கள். அரை அடிக்கு ஒரு தடவை மிதித்து அமுக்கி மூட வேண்டும். மூடாத குழியில் இரவில் ஆளோ மாடோ விழுந்தால் யார் பொறுப்பு?

உயிர் வேர், செத்த வேர், களை வேர்

எண்ணும்போது கை தயங்குவது இங்கேதான். உயிருள்ள வேர் வெள்ளை அல்லது வெளிர் பழுப்பு. இழுத்தால் கொஞ்சம் நீளும், பிறகுதான் அறும். செத்த வேர் கறுத்திருக்கும். இரு விரலால் உருவினால் தோல் உறை போலக் கழன்று வரும், அல்லது பொடியாகும். போன போகத்துச் சோளக் கட்டையின் வேர் பல மாதம் மண்ணில் கிடக்கும், அதையும் கழிக்க வேண்டும்.

களையில் கோரைக்கு வேரோடு கறுத்த முடிச்சுக் கிழங்கு இருக்கும். முகர்ந்தால் வாசனை காட்டிக்கொடுக்கும். அருகுக்குக் கணுக்கணுவான வெள்ளைத் தண்டு. சந்தேகமானால் அடிக்கட்டையிலிருந்து உறுதியாக வரும் ஒரு வேரைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். இன்னும் நல்ல வழி, குழி போடப்போகும் செடியைச் சுற்றி ஒரு மாதம் முன்பிருந்தே களை இல்லாமல் வைத்துக்கொள்வது.

கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் காட்டு எண் வேறாக இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் 6 கட்டங்களைக் கூட்டியதும் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

0–15 செ.மீ.: 62 வேர் (44%)
15–30 செ.மீ.: 48 வேர் (34%)
30–45 செ.மீ.: 21 வேர் (15%)
45–60 செ.மீ.: 9 வேர் (6%)
மொத்தம்: 140

அடுக்கு வேரை மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் பங்கு. மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் 30 செ.மீ.க்குள் 110 வேர், அதாவது ஏறக்குறைய 79%. 45 செ.மீ.க்குள் 131 வேர், 94%.

இதிலிருந்து எடுக்க வேண்டிய எண்கள் இரண்டு.

பாதி வேரின் ஆழம்: 140-ல் பாதி 70. முதல் அடுக்கில் 62 போய்விட்டது, இன்னும் 8 வேண்டும். இரண்டாம் அடுக்கின் 48 வேர் 15 செ.மீ.யில் பரவியிருக்கிறது. 15 × 8 ÷ 48 = 2.5. ஆக 15 + 2.5 = 17.5 செ.மீ.

தொண்ணூறு சதவீத ஆழம்: 140-ல் 90% என்றால் 126. முதல் 30 செ.மீ.யில் 110. பாக்கி 16. 15 × 16 ÷ 21 = 11.4. ஆக 41 செ.மீ. சொச்சம்.

மூன்று குழிக்கும் தனித்தனியாக இதைப் போட்டுவிட்டுப் பிறகு சராசரி பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் வெகுவாக விலகியிருந்தால் சராசரியில் அதைக் கரைத்துவிடாமல், அந்த இடத்து மண்ணில் என்ன என்று நோட்டைப் புரட்டுங்கள்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால்: உலகெங்கும் எடுத்த வேர் அளவுகளை ராபர்ட் ஜாக்சனும் கூட்டாளிகளும் 1996-ல் தொகுத்தார்கள். பயிர்களில் மேல் 30 செ.மீ.யில் சுமார் 70% வேர் இருப்பதாக அதில் வருகிறது. அவர்கள் பயன்படுத்திய சூத்திரம் மேலே போகப்போக வேர் கூடிக்கொண்டே போகும் என்று எடுத்துக்கொள்கிறது. நம் செம்மண்ணில் கோடை வெயிலில் மேல் நாலு விரற்கடை சுண்டிப்போவதால் அங்கே வேர் குறைந்து, அதற்குக் கீழே கூடலாம். அதனால் சூத்திரத்தைவிட உங்கள் எண்ணிக்கையையே நம்புங்கள்.

கழுவிப் பார்க்கும் முறை

எண்ணியது சரிதானா என்று சோதிக்க விரும்புவோருக்கு மட்டும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும், சுவரில் ஒரே நேர்கோட்டில், 10 × 10 × 15 செ.மீ. மண்கட்டி வெட்டி எடுங்கள். முறுக்குக் கடைகளில் பயன்படும் தடித்த பிளாஸ்டிக் கவர் இதற்குக் கச்சிதம். ஆட்டையாம்பட்டியில் அதற்குப் பஞ்சமில்லை. கவருக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு.

1. வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போடுங்கள். கரிசல் கரையாவிட்டால் ஒரு ஸ்பூன் சலவை சோடா.

2. கையால் கலக்கி, மிதப்பதை மட்டும் டீ வடிகட்டியில் ஊற்றுங்கள். மணல் வாளியிலேயே தங்க வேண்டும். வேர் மிதப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

3. வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு கொட்டி, இடுக்கியால் சருகையும் செத்ததையும் பொறுக்குங்கள்.

4. அடியில் 2 செ.மீ. கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் வேரைப் பரப்பி, கோடுகளை வேர் எத்தனை தடவை வெட்டுகிறது என்று எண்ணுங்கள், படுக்கைக் கோடும் நிலைக் கோடும் சேர்த்து. அந்த எண்ணை 1.57-ஆல் பெருக்கினால் வேரின் நீளம் சென்டிமீட்டரில் வரும். டென்னன்ட் என்பவர் 1975-ல் எளிமையாக்கித் தந்த வழி இது. 120 வெட்டு என்றால் 188 செ.மீ. வேர்.

சிலர் நீளத்தை விட்டுவிட்டு எடை போடுகிறார்கள். சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் உள்ள சின்ன எலெக்ட்ரானிக் தராசு இதற்கும் தாங்கும். ஆனால் ஒரே ஒரு தடித்த வேர் துண்டு வந்து விழுந்தால் அந்த அடுக்கே கனத்துவிடும். என் ஓட்டு நீளத்துக்குத்தான்.

தென்னைக்கு வேறு கணக்கு

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தூரிலிருந்து ஆயிரக்கணக்கில் ஏறக்குறைய ஒரே கனத்தில் வேர்கள் கிளம்பும். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகப் பராமரித்த மரத்தின் வேரில் 74% மரத்திலிருந்து 2 மீட்டர் சுற்றுக்குள் இருந்தது. 82% வேர் 31 முதல் 120 செ.மீ. ஆழத்தில் இருந்தது. ஆறடி (1.8 மீட்டர்) ஆரத்தில் வட்டப்பாத்தி எடுக்கச் சொல்வது இதனோடு ஒத்துப்போகிறது.

மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரு பக்கம் மட்டும் குழி வெட்டுங்கள். அடுக்கை 30 செ.மீ.யாக வைத்து 3 அடி மட்டும் சுவரில் எண்ணுங்கள். அதற்குக் கீழே மண் துளைப்பானில் வரும் மண்ணை ஒடித்துப் பார்த்து “நிறைய, சில, இல்லை” என்று மட்டும் எழுதுங்கள். சுவரில் எண்ணியதோடு அதைக் கூட்டக் கூடாது. மேல் ஒரு அடியில் வேர் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம், தென்னையில் அது இயல்பு. தஞ்சாவூர் வாடல் நோய் உள்ள தோப்பில் நோய் மரத்தில் போட்ட மம்முட்டியைக் கழுவிக் காயவைக்காமல் நல்ல மரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கிழங்கு அழுகல் உள்ள மரவள்ளிக் காட்டுக்கும் இதே எச்சரிக்கை.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

செடிக்கு நேர் அடியில் மட்டும் எண்ணுவது. அப்படி எண்ணினால் மேல் அடுக்கு வேர் எப்போதும் கூடுதலாகவே வரும். வரிசை இடைவெளியையும் சேர்த்தால்தான் காட்டின் கணக்கு.

சொட்டுநீர் சொட்டும் இடத்தில் மட்டும் வெட்டுவது. ஈரம் இருக்கும் இடத்தில் வேர் குமியும். சொட்டுவானிலிருந்து அடுத்த சொட்டுவான் வரை சுவர் போக வேண்டும்.

அடுக்குகளின் கனம் வேறுவேறாக இருக்க, எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது. 10 செ.மீ. அடுக்கில் 40 வேரும் 30 செ.மீ. அடுக்கில் 60 வேரும் என்றால் முன்னதில்தான் நெருக்கம் அதிகம். முதலில் கனத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

60 செ.மீ.யில் குழி நின்றது என்பதற்காக வேரும் அங்கே நின்றது என்று எழுதுவது. கடைசி அடுக்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேர் இருந்தால் இன்னும் கீழே இருக்கிறது என்று பொருள். துளைப்பானைப் போடுங்கள்.

எண் கிடைத்துவிட்டது, இனி?

மேலே சொன்ன மாதிரிக் கணக்குபோலப் படிப்படியாகக் குறைந்தால் மண்ணில் தடையில்லை. 90% ஆழம் 41 செ.மீ. என்றால் ஒன்றரை அடி நனைவது போதும். 2 அடிக்குக் கீழே போகும் தண்ணீர், போட்ட யூரியாவையும் சேர்த்துக் கொண்டுபோகும். பாசனம் முடித்த மறுநாள் அரை அங்குலக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். ஈரம் உள்ள மட்டும் இறங்கும், காய்ந்த மண்ணில் நிற்கும். சரளைக் காட்டில் இந்தக் கம்பி சோதனை பொய் சொல்லும், அங்கே துளைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பாசனப் புத்தகங்களில் 40–30–20–10 என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. வேர் ஆழத்தை நாலு சம பங்காக்கினால், செடி மேல் பங்கிலிருந்து 40%, அடுத்ததிலிருந்து 30% என்று தண்ணீர் எடுக்கும் என்பது. நல்ல ஈரத்தில் இது ஓரளவு சரி. மேல் மண் காய்ந்துவிட்டால் அடியில் இருக்கும் அந்த 6% வேர்தான் செடியைத் தாங்கும். மானாவாரிக் காட்டுக்காரர்கள் கடைசி அடுக்கின் எண்ணை அற்பமாக எண்ண வேண்டாம்.

எண்ணிக்கை 70, 55, 6, 2 என்று ஒரே அடுக்கில் சடாரென விழுந்தால் கீழே ஏதோ தடுக்கிறது. என்னவென்று சுவரே சொல்லும். வேர் மடங்கிப் படுக்கையாக ஓடி, கத்தியும் அங்கே இறங்க மறுத்தால் வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் டிராக்டர் ஓட்டி இறுகிய மண். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் மண் உடையாமல் வழுக்கிக்கொண்டு போகும். சாம்பல், நீலத் திட்டும் கெட்ட வாடையும் கறுத்த வேரும் இருந்தால் தண்ணீர் தேங்குகிறது. அங்கே கலப்பை வேலை இல்லை, வடிகால்தான். வெள்ளைக் கல்லில் சமையல் வினிகர் இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கிறதா? சுண்ணாம்பு. அந்த மண்ணில் மரவள்ளிக் கொழுந்து இரும்புச்சத்துக் குறைவால் வெளுப்பது இந்த வட்டாரத்தில் சகஜம். கழிவறை ஆசிட்டை இந்தச் சோதனைக்குத் தொடாதீர்கள். சுக்காம்பாறையே வந்துவிட்டால் கலப்பைக்குச் செலவழிக்காமல், அடிக்கடி கொஞ்சமாகத் தண்ணீர் விடும் முறைக்கு மாறுவதே லாபம்.

தாளில் தேதி, பயிர், ரகம், நட்ட மாதம், குழியின் இடம், நாலு அடுக்கின் எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். உளிக்கலப்பை ஓட்டினால் அடுத்த வருடம் அதே மாதத்தில் பக்கத்தில் இன்னொரு குழி போட்டால்தான் செலவு வீணா இல்லையா என்று தெரியும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்கோ யோசனை கேட்கப் போகும்போது மண் மாதிரியோடு இந்தத் தாளையும் போட்டோவையும் எடுத்துப்போங்கள். மண் பரிசோதனைச் சீட்டில் சத்து இருக்கும், வேர் எங்கே இருக்கிறது என்பது இருக்காது.